வெற்றுத்தாளில் வைத்த விரல்

சம்மாந்துறை அரிசி ஆலையில் நெல் அவிக்கும் றசீனாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. 1979இல் புருஷன் தலாக் சொன்னபோது, விவாக வழக்குகளை விசாரிக்கும் காதியார் மஃறூபிடம் போனாள். ஊரார் பள்ளிவாசலில் கைதூக்கித் தெரிந்தெடுத்து, கொழும்பு நியமித்த மனிதர் அவர்.

"இதில விரல வை புள்ள. மிச்சத்த நான் எழுதிக்கிறன்" என்று ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்.

வைத்தாள். பிள்ளையைத் தகப்பனுக்கே மனமுவந்து கொடுப்பதாக அவர் எழுதிக்கொண்டார். மறுநாளே ஒன்றரை வயது மகளை அவள் மடியிலிருந்து பறித்துப் போனார்கள். பால் கட்டி ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தாள்.

எழும்பியதும் கூடப்பிறந்த மூத்த காக்காவைக் கொண்டு, காதிமாரை நியமிக்கும் கொழும்பு ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு சொல்லிப் பெட்டிசம் எழுதுவித்தாள்.

"காதியாருக்கு எதிரா ஒரு பொம்புள பெட்டிசம் போடுறதா?" என்று ஊர் காறித் துப்பியது.

ஐந்து வருஷம் கழித்து விசாரணை வந்தது. அவளைப் போலவே ஏமாந்த நான்கு பெண்கள் சாட்சி சொன்னார்கள். மஃறூபின் பதவி பறிபோனது.

"அப்ப என்ட புள்ள?" என்று விசாரித்தவர்களைக் கேட்டாள்.

"அது வேற வழக்கு. புதுக் காதியார்ட்டப் போங்க."

புதுக் காதியார் நேர்மையானவர். பிள்ளையையே கூப்பிட்டு, "ஆரோட இரிக்கப் போறீங்க மகள்?" என்று கேட்டார்.

ஏழு வயதுப் பிள்ளை தகப்பனின் இரண்டாம் மனைவியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "உம்மா, இந்தப் பொம்புள ஏன் என்னப் பாத்து அழுறா?"

பிள்ளையின் விருப்பப்படியே தீர்ப்பானது. இந்த முறை றசீனாவை எவரும் ஏமாற்றவில்லை. முறைப்பாடு செய்ய எதுவும் இருக்கவில்லை.