கொல்லிமலையில் ஒரு லேபிள் வகுப்பு

ஜெர்மனியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் ஒரு எண் சீட்டுதான். வந்த புதிதில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பெயர், ஊர் என்று விரிவாக ஆரம்பித்தேன். "நும்மர், பிட்டே" என்றார். எண்ணைக் காட்டு என்று அர்த்தம். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். எனக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கள் கொல்லிமலையில் எந்த ஊரு, யாரு ஊடு என்று கேட்காமல் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

பிழைப்புக்கு நான் பார்ப்பதும் அந்தச் சீட்டு வேலைதான். நெட்வொர்க்கில் தகவல் நுழையும் இடத்தில் ஒரு லேபிள் ஒட்டப்படும். நடுவிலுள்ள ரவுட்டர்கள் விலாசத்தைப் பார்ப்பதில்லை. லேபிளை மட்டும் பார்த்து, வேறு லேபிள் மாற்றி, அடுத்ததற்குத் தள்ளிவிடும். இதைச் செய்து பழகும் வகுப்பொன்றைப் போன விடுமுறையில் செம்மேட்டில் நடத்திப் பார்த்தேன். மலையிலேயே தேவனூர் நாட்டுப் பகுதியிலிருந்து மலர்க்கொடியும் வந்தாள். இன்ஜினியரிங் முடித்தவள்; கைக்குழந்தையோடு பெங்களூர் போக முடியாமல் வீட்டிலிருந்தாள். செய்முறைத் தேர்வில் தேறினால் மலையிலிருந்தே வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது.

ஆளுக்கொரு ரவுட்டராக நிறுத்தி, லேபிள் ஒட்டிய உறைகளைக் கைமாற்றச் சொன்னேன். மலர்க்கொடி உறையைப் பிரித்து உள்ளிருந்த விலாசத்தைப் படித்தே விட்டாள். "காரவள்ளிக்குத் தானுங்கண்ணா? எங்க சித்தி ஊடு அங்கதான். ஏன் சுத்தி விடோணும், நானே நேரா குடுத்தர்றேன்." வகுப்பே ஆமாங்க என்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தேர்விலும் இப்படி உறவு விசாரித்தால் வேலை போய்விடுமே. மறுநாள் உறைகளை நன்றாக ஒட்டிக்கொண்டு போனேன். விசாரிக்காமல் அனுப்பப் பழக அவர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

இப்போது அதையே முழுப் பயிற்சியாகத் தொடங்குகிறோம். கம்ப்யூட்டர் ஓரளவு தெரிந்தால் போதும். பழகுவதற்கான ரவுட்டர்கள் என் ஜெர்மனி வீட்டு அலமாரியில் இருக்கின்றன; இணையம் வழியாக மலையிலிருந்தே இயக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லித்தர முன்வந்தால் பெரிய உதவி.

போன வாரம் மலர்க்கொடி வீடியோவில் கூப்பிட்டாள். "வேலை கெடைச்சிருச்சுங்கண்ணா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இங்கிருந்தே வேலை ஆவுதுன்னா, நீங்க ஏனுங்க அங்க இருக்கறீங்க?"

மகள் பள்ளிக்கூடம், அது இது என்று இழுத்தேன். அவள் பேசிக்கொண்டே ஏதோ கட்டளை தட்ட, என் அலமாரியில் ரவுட்டர் விசிறி சுழன்றது. மலையிலிருக்கும் அவள் என் வீட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் அவள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பலாமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.