முனி கோயிலின் மணிலாக் கத்தி

பதுளை கடைவீதியில் சாணைக்கடை வைத்திருந்த ஷுக்ரியை ஊரார் ‘கப்பல்’ என்றே கூப்பிடுவார்கள். இளவயதில் கப்பல் சமையற்காரராக இருந்தவர். கத்தி தீட்ட வருகிறவர்களிடமெல்லாம் துறைமுகக் கதை சொல்வார். நம்பியவர் ஒருவருமில்லை, மனைவி மர்லியா உட்பட.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், மழை பிடித்த ஒரு காலையில், ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்து அங்கம்மா வந்தாள். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்படவிருந்தவள். இலைபோல் அகன்ற, துருவேறிய கத்தியொன்றை மேசையில் வைத்தாள். பிடி மக்கிப் போயிருந்தது.

“அப்பா கப்பல்ல போயி மணிலாவுல வாங்குனதும்பாரு, ஷுக்ரி நானா. லயத்து வீடுகள்ல யாரும் நம்பல. பண்டாரவளையில எவகூடவோ நாலு வருசம் இருந்துட்டு, ஹல்துமுல்லை கொல்லன்கிட்ட இத அடிச்சு வாங்கிட்டு வந்தாருன்னாங்க. அம்மாவும் அதையே நம்பி, கத்திய முனி கோயில்ல பிடி மண்ணுல புதையுற மாதிரி நட்டுட்டா. சாகுறவரைக்கும் அவருகூட ஒரு வார்த்தை பேசல. போறதுக்கு முன்னால புடுங்கிட்டு வந்தேன், தீட்டிக் குடுங்க.”

ஷுக்ரி சிரித்தார். “மணிலாவா? இந்தப் பக்கத்துல கப்பல் ஏறினவன் நான் ஒருத்தன்தான், தங்கச்சி.”

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவதுபோலவே அதைச் சாணைச் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது. அடிப்பகுதியில் ஒரு விரலளவு தேய்ந்த பிறகுதான் நுனியைக் கவனித்தார். சக்கரத்தை மிதித்த கால் நின்றது.

நுனியில் துருவில்லை. முனிக்குப் பூசை போடும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் குத்திய இடம் அது. சாறு அரித்த இரும்பில், மணலில் அலை விட்டுப்போன தடம்போல் மெல்லிய கோடுகள்.

“மர்லியா, தேசிக்காய் கொண்டு வா!”

“ஏன், கப்பல்ல ஆள் வந்திருக்கா சர்பத்துக்கு?”

ஷுக்ரி எலுமிச்சஞ்சாறு பிழிந்து, சாம்பல் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். துரு கரையக் கரையக் கோடுகள் கத்தி முழுவதும் எழுந்தன.

“மணிலாவுக்குத் தெற்கே சம்போவாங்கா என்டு ஒரு ஊர். ஜும்மாத் தொழுகைக்குப் போனப்ப அங்கத்த ஆம்பிளையள்ட இடுப்புல இதே கத்தியக் கண்டேன். பாரோங் என்பாங்க. இரும்ப மடிச்சு மடிச்சு அடிக்கிறதுல வர்ற கோடு இது. ஹல்துமுல்லையில இது வராது. உங்கப்பா போயிருக்கார், தங்கச்சி. என்னையே யாரும் நம்புறதில்ல. நானும் அவர நம்பாமப் போனேனே!”

பலாமரத்தில் புதுப்பிடி போட்டு, தேங்காயெண்ணெய் தடவிக் கொடுத்தார். சாணை பட்ட தழும்பை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.

அன்று மாலை, தேயிலைக்கு நடுவே தாயும் தகப்பனும் அருகருகே புதைக்கப்பட்டிருந்த இரண்டு மண்மேடுகளுக்கு இடையில் அங்கம்மா கத்தியை வைத்தாள்.

“அப்பா கப்பல்லதாம்மா போனாரு. இப்பவாவது அவருகூடப் பேசு.”