தேத்தண்ணிக் கடைக்கு ஒரு போன்

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து சோறு தின்ற பிறகு, தில்லையடியில் என் ராத்தாவின் வீட்டு ஹோலில் உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டைப் பற்றி நாங்கள் சண்டை பிடிப்போம். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு நாட்டைக் கற்பனை செய்து அதன் சட்டதிட்டங்களைச் சொல்வார். மற்றவர்கள் அந்த நாட்டு ஆட்களாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அவர்கள் செய்வதற்கு மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை நாட்டைக் கற்பனை செய்தவர் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிவாதம் அதிகம் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் "இந்த நாட்ட நான் படைச்சேன்" என்று பெருமையடித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த ராத்தா அப்படியே நின்றுவிட்டார்.

"படைச்சேன் எண்டு செல்லாத தம்பி. அது ஒருத்தனுக்கு மட்டுந்தான். வரைஞ்சேன் எண்டு செல்லு."

திருத்திக்கொண்டேன். பிஸ்கட் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் வரைந்த நாடுதானே, பொய்யில்லை.

அந்த நாட்டில் எவையெல்லாம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம் என்பதில்தான் எங்களுக்கு ஒத்தே வராது. போன் திருத்தும் கடை வைத்திருக்கும் என் கூட்டாளிக்குச் சுடுகிற துவக்கு வேண்டும். துவக்கு வந்தால் நான் பாடுபட்டு வரைந்த கோட்டை மதில்களுக்கு என்ன வேலை என்று பாய்ந்தேன். எங்கள் சின்னம்மாவான சாச்சியின் மகன் உப்பளத்தில் வேலை செய்கிறவன்; அவன், ஐஸ் மட்டும் இருக்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றான். ஐஸ் இல்லாவிட்டால் மீனைக் கருவாடாக்க வேண்டும், கருவாட்டுக்கு உப்பு வேண்டும், உப்புக்காரன் ராஜாவாக வாழலாம் என்பது அவன் திட்டம். ஆளின் ஆசையைப் பார்த்து ஐஸை விட்டுக் கொடுத்தேன். எஞ்சினும் கிடையாது, பாய்க்கப்பல்தான் என்றேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கப்பல் எப்படித் திரும்பி வரும் என்று கேட்டு இரண்டு பேரும் ஒரு பின்னேரத்தையே தின்றார்கள்.

எங்கள் சத்தம் தாங்க முடியாமல் ராத்தாவும் வந்து உட்கார்ந்தார். வாள் தருகிறேன், மந்திரக்கோல் தருகிறேன் என்று ஆசை காட்டினேன்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? துறைமுகத்தடியில ஒரு தேத்தண்ணிக் கடை தா" என்றார். கொடுத்தேன். அந்த நாட்டில் ஒழுங்காகப் பிழைத்தது அந்தக் கடை மட்டும்தான்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரவே இல்லை. குதிரையும் கப்பலும் போகிற வேகத்துக்கு மேல் அங்கே செய்தி போகக் கூடாது. பேசும் கிளி, தூரத்து ஆளைக் காட்டும் கண்ணாடி, ஒன்றும் கிடையாது. செய்தி சட்டென்று போய்விட்டால் யாரும் யாரையும் தேடிப் போகமாட்டார்கள், கதை படுத்துவிடும் என்று பெரிய அறிவாளி மாதிரி விளக்கினேன்.

ராத்தா யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப கரையில ஈக்கிறவங்களுக்குக் கப்பலுக்கு என்ன ஆச்சுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கப்பல் வந்தாத் தெரியும், ராத்தா."

"வராட்டி?"

"வராட்டித் தெரியாது."

"பாவம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், சிலாபத்து முதலாளி ஒருவரின் ஆழ்கடல் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடல்தான். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விடும். பிறகு படகிலுள்ள ரேடியோ செட்தான் கதி. முதலாளி செட்டில் கதைத்துவிட்டு எங்களுக்குச் சொல்வார். இந்த முறை அவர்கள் திரும்ப வேண்டிய நாள் தாண்டியும் படகு வரவில்லை. செட்டிலும் சத்தமில்லை.

செட் பழுதாகியிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் முதலாளி. அடுத்த வாரமும் அதையே சொன்னார், ஆனால் மெதுவாக. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்தாயிற்று. தேடுகிறார்களாம். இதை எழுதும் இன்றைக்கும் அந்த 'ஆம்' போட்ட சொற்களைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை.

ராத்தா மச்சானின் நம்பருக்கு எடுத்துக்கொண்டே இருப்பார். தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் மரியாதையாகச் சொல்லும். எந்தப் போனையும் கழற்றிப் பூட்டக்கூடிய என் கூட்டாளி, அந்தக் குரல் வரும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, நான் மட்டையில் வரைந்த நாட்டிலேயே நாங்கள் குடியிருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை போனது விளையாடுவதற்காக இல்லை. ராத்தாவைத் தனியே விட மனமில்லாமல் மூன்று பேரும் போய் உட்கார்ந்திருந்தோம். ராத்தா எழுந்துபோய் அலுமாரிக்கு மேலிருந்த மட்டையை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

"தம்பி, சட்டத்த மாத்து. என்ட கடைக்கு ஒரு போன் தா."

மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தந்துட்டேன், ராத்தா."

"கப்பல்லயும் ஒண்டு ஈக்கோணும்."

"ஈக்கிது."

சாச்சியின் மகன் பகடையை நீட்டினான். ராத்தா அதை வாங்கவில்லை. வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கிறேன். ரிங் போகுதா?"

"போகுது."

ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி நான்தான் சொல்ல வேண்டும். ஒரு ஹலோ போதும். அதைச் சொன்னால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்தேன். யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல அதைவிடப் பயந்தேன்.

"எடுக்கிறாங்களா தம்பி?"

"ராத்தா, நான் வரைஞ்சவன் மட்டுந்தானே."

அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி" என்றார். "கொஞ்சம் ரிங் போகட்டும்."