கப்பல் ராடும் அத்தையின் கைப்பிடியும்

கிறிஸ்துமஸ் கேக் சுடுவதற்கென்று என் மனைவி வைத்திருந்த ஓவனில் நான் வெல்டிங் ராடு சுட்டேன். தெரியாமல் அல்ல. கேக் வைக்கும் அதே தட்டில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி, சூட்டுத் திருகுக் குமிழைக் கடைசி எண் வரை திருப்பி, கண்ணாடிக் கதவு வழியாக எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதோ உப்பி வரப்போவதுபோல. அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் இந்த நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் என் மாமியாரின் முழங்கால். அத்தை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முழங்கால் மாற்று அறுவைக்குத் தேதி குறித்தாயிற்று. முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் வீடு முடிச்சூர் பக்கம். வெள்ளம் வந்து போனபிறகு இந்தப் பக்கத்தில் ஆளாளுக்கு வீட்டைத் தூக்கிக் கட்டினார்கள். நாங்களும் கட்டினோம். வாசலில் செங்குத்தாகப் படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஏறக்கூடாது என்று கட்டிய படியில் அத்தையும் ஏற முடியாது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. புது முழங்காலோடு ஒரு தடவை விழுந்தால் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

“திருமுடிவாக்கத்துல ஏதாவது பட்டறையில சொன்னா ஒரே நாள்ல கைப்பிடி வெச்சுட்டுப் போயிடுவாங்க” என்றாள் மனைவி.

“எதுக்கு? வீட்ல மெஷின் இருக்கு. நானே பண்றேன்.”

“நீங்களா?” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “அம்மா அதைப் பிடிச்சுதான் ஏறணும். தெரியும்ல?”

தெரியும் என்றேன்.

ஐம்பது வயதுக்குமேல் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், இல்லாவிட்டால் பொழுதுபோக்கு வரும். எனக்கு இரண்டும் வந்தன. டிபன் கேரியர் அளவில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிவைத்திருந்தேன். அதுவரை அதில் செய்தவை: ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு, ஒரு செருப்பு ஸ்டாண்டு. முதலாவது ஆடும். இரண்டாவது ஆடாது, ஏனென்றால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

தாம்பரம் மார்க்கெட்டில் ராடு விற்கும் கடைக்குப் போனேன்.

“இன்னா வேலை சார்?” என்றார் கடைக்காரர்.

“படிக்கு ஒரு கைப்பிடி. மாமியாருக்கு.”

“சாதா ராடு, பன்னெண்டாம் நம்பர் எட்துகினு போ. மெல்லிசா கீது. பைப்பு ஓட்டையாவாது.”

நான் தடித்த புத்தகமாகப் பார்த்து வாங்கி, முன்னுரையோடு நிறுத்திவிடுகிற ஜாதி. மெல்லிசு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. தவிர, முந்தின வாரம் முழுக்க இணையத்தில் இதைப் பற்றித்தான் படித்திருந்தேன்.

“இருக்கறதிலேயே ஸ்ட்ராங்கான ராடு எது?”

“அது கப்பலு, பாய்லருக்குப் போடறது சார்.”

“அதையே குடுங்க. பத்தாம் நம்பர். நம்பர் குறைஞ்சா தடிமன் ஜாஸ்தின்னு படிச்சிருக்கேன்.”

அவர் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு அனுதாபத்தோடு கேட்டார்: “மாமியார் அவ்ளோ வெயிட்டா சார்?”

வெல்டிங் ராடு என்பது உள்ளே இரும்புக் கம்பி, அதைச் சுற்றி மாவு உருட்டிக் காயவைத்தாற்போல ஒரு பூச்சு. கம்பி உருகி ஒட்டும். பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மூடிக்கொண்டு, உருகின இரும்பில் காற்றுப் படாமல் காக்கும். சாதா ராடு கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கப்பல் ராடு பொறுக்காது. பாக்கெட்டைப் பிரித்தால் பிரித்த கையோடு உபயோகிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இதையும் நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, பாக்கெட்டைப் பிரித்து அழகு பார்த்து, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அன்று பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கரைகிற ஈரம். மழை விட்டு, அறுவையும் நல்லபடியாக முடிந்து, நான் ராடை எடுத்தபோது அதன் பூச்சு பிஸ்கட்போல நமுத்திருந்தது. அப்போதுதான் ஓவன் என் கண்ணில் பட்டது.

பாக்கெட்டில் போட்டிருந்த சூடு எங்கள் ஓவனின் கடைசி எண்ணையும் தாண்டிய சூடு. பரவாயில்லை, கூடக் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அலுவலகத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் சரிசெய்கிறோம்.

மனைவி திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். “என்ன நாத்தம் இது?” நேராகச் சமையலறைக்குப் போனாள். கேக்குக்காக ஊறிக்கொண்டிருந்த பழங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஓவனைத் திறந்தாள். மூடினாள். சத்தம் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“இனிமே இந்த ஓவன் உங்களோடது. இதுல இனிமே ஒண்ணும் சாப்பிடறதுக்குச் செய்ய முடியாது” என்றாள். “கேக் பேக்கரில வாங்கிக்கலாம். கைப்பிடியையாவது ஒழுங்கா முடிங்க.”

முடித்தேன், ஒரு மாதிரியாக. எங்கள் டிபன் கேரியர் மெஷினுக்கு அந்தத் தடி ராடு ஆகவில்லை. தொட்டதும் பைப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் பூச்சு உதிர்ந்துவிடும். மெஷினில் கரண்டைக் கூட்டி வைத்தால் பைப்பில் ஓட்டை விழும். ராடு சரியாக எரிந்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். என்னுடையது கடுகு மாதிரி வெடித்தது. ஆறினபின் கசடைத் தட்டிப் பார்த்தால் ரவா தோசை. அத்தனை துளைகள். படியில் போல்ட் போட்டு இறுக்கிய கனமான தகடுகளில்தான் பைப்புக் கால்கள் நிற்க வேண்டும். பைப்பும் தகடும் ஒட்டுகிற அந்த ஜோடுகள்தான் இருப்பதிலேயே மோசம்.

இந்த இடத்தில் யோக்கியமான மனிதன் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். நான் துளைகளில் பட்டி பார்த்தேன். கார் ஒடுக்கு எடுத்தபின் பூசுகிறார்களே, அதே பட்டி. தேய்த்தேன். மேலே வெள்ளிக் கலர் பெயிண்ட் இரண்டு கோட்டு. நகைக்கடை வாசல் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்து, “எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க சார், தொழில்காரன் தோத்தான்” என்றார். மனைவிகூட, ஓவன் விஷயத்தை மறக்காமலே, “பாக்க நல்லாதான் இருக்கு” என்றாள்.

எனக்கு வேலை காப்பீட்டு அலுவலகத்தில். விபத்துக் கோரிக்கைகளைப் படித்து, இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்தா என்று குறிப்பெழுத வேண்டும். அந்த வாரம் முழுக்க எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் படியிலிருந்து விழுந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியைத் தள்ளிப் பார்ப்பேன், மெதுவாக. பலமாகத் தள்ளினால் உண்மை தெரிந்துவிடும்.

“போறப்ப வர்றப்பல்லாம் ஏன் அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?” என்றாள் மனைவி.

“பெயிண்ட் காஞ்சிடுச்சான்னுதான்.”

“அது முந்தாநாளே காஞ்சிடுச்சு.”

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏற்கெனவே ஒரு ஓவன் போயிருந்தது. காபி கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் மச்சான் வந்தான், என் மனைவியின் தம்பி. அத்தைக்கான வாக்கரையும் தலையணைகளையும் கொண்டுவந்து இறக்கினான். ஆள் நல்ல கனம். வண்டலூர் ஜூவில் அவன் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிக்கொள்கிறான். மிருகங்களைப் பார்த்துவிட்டு வருகிறான் என்பது என் கருத்து. சாமான்களை வைத்துவிட்டு, படியின் நடுவில் நின்று யாருடனோ போன் பேசியபடி கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்தான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ‘டிக்’ என்று சின்னச் சத்தம். பிறகு கைப்பிடி, மச்சான், போன் மூன்றும் அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தன. கால்வாய் வேலைக்காக வாசலோரம் கொட்டியிருந்த மணல் குவியலில் அவன் உட்கார்ந்த வாக்கில் இறங்கினான். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. “அப்புறம் பேசறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, கையைக் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். கீறல்கூட இல்லை.

என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது, மச்சானோடு சேர்ந்து மணலில் இறங்கிவிட்டது. அவனைத் தூக்கிவிட்டு, மணலைத் தட்டிவிட்டு, “தேங்க்ஸ் மாப்ள” என்றேன்.

அவன் பெயர்ந்து கிடந்த கைப்பிடிக் காலைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் ஓட்டை. “அத்தான், நாளைக்கு அம்மா இதைப் பிடிச்சா ஏறணும்?”

நான் பதில் சொல்வதற்குள் மனைவி வெளியே வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜோடைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சாயங்காலத்துக்குள்ள முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே பட்டறைக்குப் போன் பண்றேன்.”

“முடியும். ஆனா இவன் இங்கயே இருக்கணும்.”

பன்னிரண்டாம் நம்பர் சாதா ராடு வாங்கி வந்தேன், புதுப் பாக்கெட். பழைய ஜோடுகளை எல்லாம் அறுக்கும் மெஷினால் அறுத்து, பெயிண்டும் பட்டியும் ஒரு பொட்டு இல்லாமல், இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். முதலில் மிச்சப் பைப்பில் ஒரு துண்டைத் தகட்டில் ஒட்டிப் பார்த்தேன். தொட்டதும் பிடித்தது. அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. கனமான தகட்டின் பக்கம் ராடு கூடக் கொஞ்சம் நின்று, மெல்லிய பைப்பின் பக்கம் ஓடிவிட வேண்டும் என்பது கைக்கு ஒருவழியாகப் புரிந்தது. ஆறினபிறகு கசடைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். முழுசாகக் கழன்று வந்தது. அடியில் நெருக்கமாக, துளையே இல்லாமல் வரிவரியாக இரும்பு. துண்டைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். பைப் வளைந்தது, ஜோடு விடவில்லை. இன்னொரு துண்டு ஒட்டி அதையும் அடித்தோம். அதற்குப் பிறகுதான் கைப்பிடியில் கை வைத்தேன். இந்த முறை பட்டி இல்லை, வெள்ளி இல்லை, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு மட்டும். பார்க்கச் சகிக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மச்சானைக் கைப்பிடியில் ஏற்றினேன். ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் சாய்ந்தான், உட்கார்ந்தான், கடைசியில் குதித்தும் பார்த்தான்.

“எவ்ளோ நேரம் அத்தான் இப்படித் தொங்கணும்?”

“அம்மா வர்ற வரைக்கும்.”

“கம்பி ஆடல. நான்தான் ஆடறேன். இறக்கி விடுங்க.”

மறுநாள் ஆராதனை முடிந்து அத்தையைக் காரில் அழைத்து வந்தோம். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை என் செந்நிறக் கைப்பிடியில். மனைவி முன்னால், மச்சான் பின்னால், நான் பக்கவாட்டில் மணல் குவியலுக்கும் அத்தைக்கும் நடுவில். அத்தை முழுப் பாரத்தையும் கைப்பிடியில் போட்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் நான் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ‘டிக்’ வரவில்லை. அத்தை மேலே போய் உள்ளே கால் வைத்தபோது நானும் மூச்சு விட்டேன்.

எல்லோருக்கும் பேக்கரி கேக் ஒவ்வொரு துண்டு. ஓவன் இப்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மிச்ச ராடுகள் அதற்குள் உலர்ந்து சௌக்கியமாக இருக்கின்றன. அத்தை காலை நீட்டிச் சோபாவில் உட்கார்ந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“கைப்பிடி வசதியா இருந்துச்சா அத்தை? கடைசி வரைக்கும் விடாம பிடிச்சுட்டே வந்தீங்களே.”

அத்தை மகனை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவன் மணல்ல விழுந்ததை நேத்தே போன்ல சொல்லிட்டான் மாப்பிள்ளை. நான் விழுந்துருவேன்னு பிடிக்கல. அது விழுந்துருமேன்னுதான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.”