வாழை மரத்தடியில் கொட்டிய சோறு

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் கெடா மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்துவிட்ட பிறகு, அலோர் ஸ்டாரில் நான் கழித்த ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் நாங்கள் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாகவும் நினைவில்லை. அது அப்படித்தான் இருந்தது.

அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல். மூன்று வாரம் விட்டு விட்டு வந்து ஆளை எலும்பாக்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதற்கான கொயினா மாத்திரை தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவின் நண்பர் ஒருவரைப் பிடித்தால் எப்படியும் கிடைக்கும் என்று அம்மா என்னை அனுப்பினாள். "கண்ட கண்ட இடத்தில சாப்பிடாதை தம்பி" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

சுங்கை பட்டாணி வரைக்கும் கரிப்புகையில் ஓடும் லாரி. அங்கிருந்து ரயில். ராணுவச் சாமான் வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, மத்தியானம் சேர வேண்டிய ரயில் இருட்டிய பிறகுதான் சேர்ந்தது. அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. தெருவில் பாதி எழுத்து ஜப்பான், பாதி சயாம். விசாரித்து விசாரித்து அப்பாவின் நண்பர் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன்.

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. நான் யாருடைய மகன் என்று சொன்னேன்.

"ஐயோ தம்பி, இப்ப ஆரையும் வீட்டில வைச்சிருக்கேலாது. வந்து பார்த்தாங்கள் எண்டால் எங்களையும் கொண்டு போவாங்கள். கொயினா என்னட்டை இல்லை. காலமை ஆஸ்பத்திரியில கேட்டுப் பாரும்" என்றார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

கடைவீதிக்குத் திரும்பி, பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் தூணோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் தின்ற ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்குதான் வயிற்றில். இளவட்டம் தனியாகக் கண்ணில் பட்டால் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தூணின் மறுபக்கம் நகர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அவர் வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் நீளத் துடைப்பம்.

"தம்பி, இங்க குந்தாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ரோந்து வருவான். எந்த ஊரு?"

சொன்னேன்.

"தங்க இடமில்லையா? சரி, வாங்க. நம்ம வீடு இருக்குல்ல."

அதற்கு மேல் என்னை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சந்து சந்தாக அழைத்துப் போனார். நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் அது. வாசலில் கக்கூஸ் வாளி வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கு உறைத்தது. அந்த வாளிகளில் என்ன அள்ளுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். எங்கே ஓடுவது?

அவர் மனைவி நிறைமாதத்தை நெருங்கியவள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்க தம்பி" என்றாள். புருஷனும் பெண்சாதியும் மூலையில் நின்று ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அடுப்பு எரிந்தது. அரிசி கொதிக்கும் வாசனை வந்தது. நான் அரிசிச் சோற்றைப் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது.

தகரத் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். அவர்கள் இருவருக்கும் வேகவைத்த கிழங்கு.

பசியில் கை தட்டுக்குப் போனது உண்மை. ஆனால் எடுத்த கவளம் வாய்க்கு வரவில்லை. வாசலில் நின்ற வண்டிகள்தான் கண்ணுக்குள் நின்றன. "உள்ளே புழுக்கமாக இருக்கிறது, காற்றாட உட்கார்ந்து சாப்பிடுகிறேன்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இருட்டில் ஒரு வாழை மரத்தடியில் அவ்வளவு சோற்றையும் கொட்டினேன். தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"பத்துச்சா தம்பி?" என்று அவர் கேட்டார்.

"வயிறு நிறைந்தது அண்ணே" என்றேன்.

வீட்டில் இருந்த ஒரே பாயை எனக்கு விரித்துவிட்டு அவர்கள் தரையில் படுத்தார்கள். தலைக்குத் துணிமூட்டை வைத்துக் கொடுத்தார்கள். பசியில் வயிறு இழுத்துப் பிடித்தது. ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், நான் செய்ததில் தப்பு இருப்பதாக அந்த இரவு எனக்குத் தோன்றவே இல்லை. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

விடிந்ததும் முகம் கழுவப் பின்பக்கம் போனேன். அவள் வாழை மரத்தடியில் அந்த வயிற்றோடு குந்தி உட்கார்ந்திருந்தாள். மண்ணும் எறும்புமாகக் கிடந்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

நான் பேச வாயெடுத்தேன். 

அவள் முந்திக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "சொல்லியிருந்தா கெழங்கு சுட்டுக் கொடுத்திருப்பேனே தம்பி. தோலோட சுட்டதுன்னா சாப்பிடுவீங்கல்ல? ராத்திரி பூரா பட்டினியாவா கெடந்தீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருகிட்ட சொல்லிறாதீங்க. வீட்டுக்கு ஒரு ஆளு வந்து சாப்பிட்டுச்சுன்னு சந்தோஷமா இருக்காரு" என்றாள்.

பிறகு அடுப்பில் ஒரு கிழங்கைச் சுட்டாள். புதிதாக அறுத்த வாழையிலையில் அதை வைத்து, என் கையில் தராமல், தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தோலை உரித்துத் தின்றேன். எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் அவரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் அவர் துப்புரவு வேலை செய்ததால் பின்வாசல் வழியாக விட்டார்கள். "நம்ம தம்பிதான் ஐயா, அப்பாவுக்கு ரொம்ப முடியல" என்று மருந்து கொடுக்கும் டிரெசரிடம் எனக்காகக் கெஞ்சினார். காகிதத்தில் சுற்றிப் பன்னிரண்டு கொயினா மாத்திரை கிடைத்தது.

ரயிலடி வரை கூடவே நடந்தார். வழியில் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "மாசமா இருக்காளேன்னு ஒரு குவளை அரிசி எப்படியோ தேடி வச்சிருந்தேன் தம்பி. 'வந்த பிள்ளைக்கு கெழங்கா வைக்கிறது'ன்னு அவதான் அதை எடுத்து உலையில போட்டா. சோறு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது அண்ணே."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். எங்கே தங்கினாய் என்று கேட்டபோது, அவருடைய நண்பர் வீட்டில் என்று சொன்னேன். சாகும்வரை அப்பா அந்த நண்பரைத்தான் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு மூட்டை அரிசியோடு அலோர் ஸ்டாருக்குப் போனேன். லயத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தப் புருஷனையும் பெண்சாதியையும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பெயரைக்கூட நான் அன்று கேட்டு வைக்கவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. வேறு எதை மறந்தாலும், அந்தத் தாயின் வாய்க்குப் போக வேண்டிய சோற்றை மண்ணில் கொட்டியவன் நான் என்பதை மறக்க எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன்.