புரட்டாசி மழையும் தேசிங்குவின் காய்ந்த வேட்டியும்

போன சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் சாலையில் மஞ்சள் வேட்டிக் கூட்டம் ஒன்று ‘கோவிந்தா’ போட்டுக்கொண்டு போனது. திருப்பதிக்கு நடை. பளீரென்று வெயில். பைக்கை நிறுத்தி மேற்கே ஒரு பார்வை பார்த்தேன். புரட்டாசி வெயிலை நம்பலாமா? மூன்று மணி வரை மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு ஆளைத் துவைத்துவிடும்!

எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான். பால்காரர் ‘தண்ணியே ஊத்தல’ என்றாலும் சரி, டாக்டர் ‘ஒண்ணுமில்ல’ என்றாலும் சரி... உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் நானும் திருப்பதிக்கு நடந்தேன். அப்போது கல்பாக்கத்தில் வேலை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து பதினைந்து பேர். குருசாமி உள்ளூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று — வழியில் வண்டி ஏறினால் வேண்டுதல் செல்லாது. திரும்பிப் போய் முதலிலிருந்து நடக்க வேண்டும்.

குழுவில் தேசிங்கு என்று ஒரு மீனவர். மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அது நிற்க வேண்டுமென்று நடந்தார். முதல் நாளே சொன்னார்: “மத்தியானம் படுக்காதீங்க சார். வெயில்லயே நடந்துடணும். சாய்ந்தரமானா மேற்கால இருந்து மழ வந்துடும்.”

நான் சிரித்தேன். என் டிரான்சிஸ்டரில் ‘வறண்ட வானிலை’ என்று சொல்லிவிட்டார்களே! குழு என் பேச்சைக் கேட்டது. சாப்பிட்டோம், புளியமரத்தடியில் தூங்கினோம். தேசிங்கு மட்டும் நடையைக் கட்டினார்.

நாலு மணிக்குப் பிடித்தது மழை. தொப்பலாகச் செங்கல்பட்டு சத்திரத்துக்குப் போனால்... தேசிங்கு காய்ந்த வேட்டியோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மாற்றுத் துணி மூட்டையெல்லாம் எங்களுக்குப் பின்னால் வரும் வேனில் இருந்தது. மறுநாளும் டிரான்சிஸ்டரை நம்பித் தூங்கினோம், வாலாஜாபாத்திலும் இதே கதை. மூன்றாம் நாள் காஞ்சிபுரத்திலும்!

இந்த ஆள் பஸ் ஏறுகிறார் — சந்தேகமே இல்லை. குருசாமி காதில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் விசாரணை. தேசிங்குவின் முகம் செத்துப்போனது. “எம் பொண்ணுக்காக நடக்குறேன். அதுல போய் டபாய்ப்பனா? இங்கேர்ந்து திருப்பி அனுப்பிட்டா வூட்ல போய் அதுங்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?”

குருசாமி தயங்கினார். நான் விடவில்லை. “நேத்து மழை ஆரம்பிச்சதுலேர்ந்து காஞ்சிபுரம் வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு இடத்துலகூட இவரு இல்ல!”

குருசாமி என் பக்கம் திரும்பினார். “மழ வுடுற வரிக்கும் தனியா வாலாஜாபாத் தாண்டி டீக்கடையிலயே ஒக்காந்துகினு இருந்தேன்னு சொன்னீங்களே சார்?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

குருசாமி தட்டில் கற்பூரம் ஏற்றினார். தேசிங்கு அதன்மேல் கையால் அடித்துச் சத்தியம் செய்தார். “மூணு நாளும் வெயில்லயே நடந்து, மழைக்கு முன்னாடி வந்து சேந்தேன். நான் வண்டி ஏறல.” காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பார்க்கவே எனக்குக் கூசியது.

தட்டு என்னிடம் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். “மழை வர்ற மாதிரி இருக்கே... கிளம்பிடலாமே?”

தேசிங்கு வானத்தைப் பார்க்கவே இல்லை. “இப்ப வராது சார். அடிங்க.”

அடிக்கவில்லை. சொல்லிவிட்டேன். மழையில் அந்தப் பாழாய்ப்போன பஸ் டீக்கடை வாசலிலேயே வந்து நின்றது. ஏறிவிட்டேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துதான் தேசிங்குவைத் தேடியிருக்கிறேன். அவரோ அதற்குள் காஞ்சிபுரம் சேர்ந்துவிட்டிருந்தார்.

அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து தனியாக மறுபடி நடந்தேன். மத்தியான வெயிலில்தான்.

அடுத்தவன் பஸ் ஏறியிருப்பான் என்று யாருக்கு முதலில் தோன்றும்? சட்டைப்பையில் டிக்கெட் வைத்திருப்பவனுக்குத்தான்!