பாதைக்காகப் பிடித்த ஊர்

மகள் படிக்கப் போனதால் எட்மண்டனில் எங்கள் வீட்டு மேலறை சும்மா கிடந்தது. அதை ஓர் உக்ரைன் பெண்ணுக்குக் கொடுத்தோம். அசோவ் கடலோரத்துத் துறைமுக நகரம் ஒன்றில் சங்கீத ஆசிரியையாக இருந்தவள். இருவரும் பேருந்தில் ஊரைவிட்டு வெளியேறும்போது ரஷ்யப் படையின் சோதனைச் சாவடியில் கணவனை மட்டும் இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவள் தாய்மொழியே ரஷ்ய மொழி. அது தெரிந்ததும் எனக்குக் குழப்பமாக இருந்தது. ரஷ்ய மொழி பேசுகிற மக்களைக் காப்பாற்ற வந்ததாகத்தானே அவர்கள் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டேன்.

“ஓம். என்னைத்தான் காப்பாற்ற வந்தார்கள்,” என்றாள். “முதலில் என் வீட்டுக் கூரை போனது.”

என் கணவர் மன்னார்க்காரர். அன்று தொலைக்காட்சியில் வரைபடம் காட்டியபோது என்னிடம் சொன்னார்: “மொழி எண்டது வெளியில சொல்லுற கதை. முந்தியே பிடிச்ச கிரைமியாவுக்கு ரஷ்யாவிலயிருந்து கரையோரமா ஒரு பாதை வேணும். இவவின்ர ஊர் அந்தப் பாதையில கிடக்கு. இலங்கையில எங்கட சண்டையிலயும் ஒரு பாதையைப் பிடிக்க எத்தினை சனம் செத்தது.”

ஆனால் அவளுடைய அண்ணனுக்குப் பாதை ஒரு பொருட்டில்லை. பல வருடங்களாக ரஷ்யாவில் வாழ்ந்த அவன், அந்த நகரம் எப்போதும் ரஷ்ய மண் என்று மனதார நம்பினான். தங்கையையும் நேசித்தான். அதுதான் கொடுமை.

ஒருநாள் அவன் அழைத்தான். கணவன் இருக்கும் சிறை தெரியும், அங்கே ஒரு அதிகாரியும் பழக்கம் என்றான். நகரம் தாய்நாட்டோடு சேர்ந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தோசம் என்று அவள் பேசி ஒரு வீடியோ அனுப்பினால், ஆளை விடுவிக்கலாம் என்றான்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்து தன் போனை என்னிடம் நீட்டினாள். ஜன்னலருகே நின்று பேசினாள், நான் வீடியோ பிடித்தேன். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அவள் விரல்கள் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதைத் திருப்பி அனுப்பினான். முகம் செத்த வீடு போல இருக்கிறதாம், சிரிக்க வேண்டுமாம். உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து மறுபடி பேசினாள். சிரித்தாள்.

சில வாரங்களில் அந்த வீடியோ டெலிகிராமில் எங்கும் பரவியது. உக்ரைன் பெண்கள் கூடுகிற தேவாலய மண்டபத்துக்கு நானும் அவளுடன் போயிருந்தேன். அவள் உட்கார்ந்த வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மகனைப் போரில் இழந்த ஒருத்தி மட்டும் அருகே வந்து, ஆங்கிலத்தில், எனக்கும் விளங்கட்டும் என்றே சொன்னாள்: “இனி இங்கே வராதே.”

கணவன் வரவில்லை. அந்தச் சிறையில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். “எனக்கும் தெரியாது, உண்மையாகவே தெரியாது,” என்று அண்ணன் போனில் அழுதானாம். அழுது முடித்துவிட்டு, “என்ன இருந்தாலும் ஊர் நம்மிடம் வந்துவிட்டதே,” என்றானாம்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. “அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்,” என்றாள்.

என் கணவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.